தொட்டுக்கொள்ள என்ன?

பெங்களூரில் அல்சூர் ஏரியை ஒட்டிய ஜோகுபாளையம் பக்கம் மாலையில் மிளகாய் பஜ்ஜி வாங்கினால் வாய் தேங்காய்ச் சட்னி கேட்கும். உருளைக்கிழங்கு ஃபிரைஸ் என்றால் கை தானாகத் தக்காளி கெச்சப்புக்குப் போகும். பெல்ஜியத்திலோ ஃபிரைஸுக்கு மயோனைஸ்தான் முதல் துணை.

தக்காளி கெச்சப்புக்கு நம் நாட்டில் சட்டப்படியே ஓர் இலக்கணம் உண்டு, நேயர்களே. கரைந்த திடப்பொருள் குறைந்தது 25 சதவீதம், புளிப்பு அசிட்டிக் அமிலக் கணக்கில் குறைந்தது 1 சதவீதம் இருக்க வேண்டும். சில இடங்களில் பாட்டிலைச் சாய்த்ததும் தண்ணீராய் ஓடுகிறதே ஒரு சிவப்புத் திரவம், அதை எந்தக் கணக்கில் சேர்ப்பதோ!

மயோனைஸில் எண்ணெயும் வினிகரும் பிரியாமல் பிடித்து வைப்பது முட்டையின் மஞ்சள்கரு. அதை வேகவைக்காமல் சேர்க்கும்போது சால்மோனெல்லா கிருமிக்கு இடம் கிடைக்கிறது. அதனால்தான் 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குப் பச்சை முட்டை மயோனைஸுக்குத் தமிழ்நாடு தடை போட்டது. தெலங்கானா 2024லேயே முந்திக்கொண்டது. முட்டை சேர்க்காத மயோனைஸ் இந்தத் தடைகளில் வரவில்லை.

கர்நாடகம் கை வைத்தது கோபி மஞ்சூரியனில். சோதித்த 171 மாதிரிகளில் 107-இல் பாதுகாப்பற்ற செயற்கை நிறம் இருந்தது. 2024 மார்ச்சில் அந்த நிறங்களுக்குத் தடை வந்தது. அவற்றில் ஒன்றான ரோடமின்-பி, துணிக்கு ஏற்றும் சாயம்! சிவப்புதான் வேண்டுமென்றால் பேடகி மிளகாயை ஊறவைத்து அரைக்கலாம். நிறம் தூக்கல், காரம் மட்டு. விளைவதும் இதே கர்நாடகத்தில்தான்.