முற்றிய கறிக்கு மருந்து, பழுக்காத பப்பாளி!

கிராமக் கூட்டங்களில் உரம், பூச்சி பற்றிய கேள்விகள் முடிந்ததும், பெண்கள் பக்கமிருந்து அடிக்கடி ஒரு கேள்வி வரும். "முட்டை ஓய்ந்த நாட்டுக்கோழி நாலைந்து நிக்குது சார். விற்கப் போனா அடிமாட்டு விலைக்குக் கேட்கிறாங்க. வீட்டுக்கே அடிச்சா ரெண்டு மணி நேரம் ஆனாலும் வேக மாட்டேங்குது. பல் இல்லாத மாமியாருக்கு எப்படிக் குடுக்கிறது?"

இதற்கான பதில் பெரும்பாலும் அவர்கள் வீட்டுக் கொல்லையிலேயே காய்த்துத் தொங்குகிறது. அதுதான் பப்பாளிக்காய்.

கறி ஏன் வேகவில்லை?

ஆடோ கோழியோ, வயது ஏற ஏறத் தசைகளைப் பிணைக்கும் நார்கள் உறுதியாகிவிடும். அதனால்தான் கிழட்டுக் கறி ரப்பராக இழுக்கிறது. பப்பாளிக்காயைக் கீறினால் வடியும் பாலில் 'பப்பைன்' என்ற நொதி இருக்கிறது. புரதத்தை உடைப்பதுதான் அதன் வேலை. காய் பழுக்கப் பழுக்கப் பால் வற்றிவிடும். எனவே நிறம் மாறாத, கீறினால் பால் சொட்டும் காய்தான் வேண்டும். தோலில் பால் அதிகம் என்பதால் தோலைச் சீவாமல் அரைக்க வேண்டும்.

நான் பட்ட பாடு

விவசாயம் படித்தவன் என்ற தைரியத்தில், எங்கள் வீட்டுக் கிடா விருந்துக்கு நானே கறியை ஊறவைத்தேன். 'கூடப் போட்டால் கூட மெதுவாகும்' என்று அரைக் காயை அரைத்துப் பிசறி, ராத்திரி முழுக்கக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டேன். மறுநாள் குழம்பில் எலும்பு தனி, மாவு தனி. "மச்சான், கறி எங்கே? கரண்டியில ஒண்ணும் சிக்கலையே!" என்று மைத்துனர் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. உரத்தைப் போலத்தான் இதுவும். அளவு தாண்டினால் நட்டம்.

சரியான அளவு

ஒரு கிலோ முற்றிய ஆட்டுக்கறி அல்லது நாட்டுக்கோழிக்கு, தோலோடு அரைத்த பப்பாளி விழுது 2 மேசைக்கரண்டி போதும். மஞ்சள்தூள், உப்போடு சேர்த்துப் பிசறி, கோழியை அரை மணி நேரமும் ஆட்டுக்கறியை ஒரு மணி நேரமும் மூடிவையுங்கள். வெயில் காலத்தில் கறியை வெளியே வைக்காமல் குளிர்பெட்டியில் வைப்பது நல்லது. இளம் ஆட்டுக்கும் பிராய்லர் கோழிக்கும் இது தேவையே இல்லை.

அரைக்க நேரமில்லையா? நம் பாட்டிமார் செய்ததுபோல், இரண்டு விரல் அகலத் துண்டு ஒன்றைத் தோலோடு குழம்புச் சட்டியில் போடலாம். ஆனால் எப்போது போடுகிறோம் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. பப்பைன் நன்றாக வேலை செய்வது 60 முதல் 70 டிகிரி செல்சியஸ் சூட்டில். தளதளவென்று கொதித்த பிறகு போட்டால் நொதி செத்துவிடும், பலன் இருக்காது. கறி, தண்ணீர், பப்பாளித் துண்டு மூன்றையும் ஒன்றாகப் போட்டு, முதல் கால் மணி நேரம் சிறுதீயில் சூடேற்றுங்கள். பிறகு தீயைக் கூட்டலாம். விறகும் மிச்சம், கேஸும் மிச்சம்.

தோப்புக்காரர்களுக்கு ஒரு வார்த்தை

நெருக்கமாகக் காய்த்த மரங்களில் கலைத்துவிடும் காய்களையும், காற்றில் விழும் காய்களையும் வீணாக்காதீர்கள். கழுவி, அரைத்து, சிறு கிண்ணங்களில் உறைய வைத்தால் வேண்டும்போது எடுத்துக்கொள்ளலாம். உறைந்தாலும் நொதி கெடாது.

பால் எடுப்பதற்கென்றே கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ-2, கோ-5 போன்ற ரகங்கள் உள்ளன. இரண்டரை முதல் மூன்று மாதக் காய்களில் அதிகாலையில் லேசாகக் கீறிப் பால் சேகரிப்பார்கள். ஆனால் கீறிய காயின் தோலில் தழும்பு விழும், பழச்சந்தையில் விலை குறையும். வாங்குபவர் யார், என்ன விலை என்று எழுத்தில் உறுதியான பிறகே இதில் இறங்குங்கள்.

வாசகர் கேட்கக்கூடியவை

கேள்வி: கர்ப்பிணிப் பெண்கள் இருக்கும் வீட்டில் சேர்க்கலாமா?

பதில்: வேண்டாம். கர்ப்ப காலத்தில் பால் உள்ள பப்பாளிக்காயைத் தவிர்ப்பதே பாதுகாப்பு. அவர்களுக்குச் சிறுதீயில் நிதானமாக வேகவைத்துக் கொடுங்கள். ரப்பர் பாலில் ஒவ்வாமை உள்ளவர்களுக்கும் இது ஆகாது.

கேள்வி: காய் நறுக்கும்போது கை அரிக்கிறதே?

பதில்: அதே நொதிதான் நம் தோலையும் பதம் பார்க்கிறது. கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு நறுக்குங்கள். கண்ணில் பட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி, மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: பப்பாளி இல்லாவிட்டால்?

பதில்: பச்சை அன்னாசிச் சாறு ஒன்றிரண்டு கரண்டி சேர்க்கலாம். அதிலுள்ள 'புரோமிலைன்' நொதியும் இதே வேலையைச் செய்யும். டப்பாவில் அடைத்த அன்னாசி சூடுபட்டது என்பதால் பயன்படாது.

கொல்லையில் ஒரு பப்பாளி நின்றால், ஓய்ந்த கோழியைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட வேண்டியதில்லை. வீட்டுப் பெரியவர்களும் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஒரு வாய் கறி சாப்பிடுவார்கள்.