மீள்பார்வையில் தவிர்க்கப்படும் காட்சிகள்: ஆங்கிலத் துப்பறியுந் தொலைக்காட்சித் தொடர்கள் பற்றிய ஒரு நோக்கு

துப்பறியுங் கதையொன்றை ஒருமுறை படித்து முடித்தவர் அதனை மறுமுறை படிக்கமாட்டார் என்பது நெடுங்காலமாகக் கூறப்பட்டுவரும் கருத்தாகும். கொலையாளி யார் என்பது வெளிப்பட்டுவிட்டபின் கதையில் எஞ்சுவது யாது என்ற வினாவே இக்கருத்துக்கு அடிப்படை. ஆயின் நடைமுறை இதற்கு முற்றிலும் மாறானதாகவே இருந்து வந்துள்ளது. பிரித்தானிய வர்த்தகத் தொலைக்காட்சி அளித்த மூன்று தொடர்களை எடுத்துக்கொள்வோம். ஜெரமி பிறெற் நடித்த ஷேர்லொக் ஹோம்ஸ் தொடரைக் கிறனாடா நிறுவனம் 1984 முதல் 1994 வரை 41 படங்களாகத் தயாரித்தது. ஜோன் தோ நடித்த இன்ஸ்பெக்டர் மோர்ஸ் 1987 முதல் 2000 வரை 33 படங்களாக வெளிவந்தது. டேவிட் சூஷே நடித்த புவாரோ 1989 முதல் 2013 வரை 70 படங்களாக நீண்டது. இவற்றின் இரசிகர்கள் ஒவ்வொரு படத்தின் முடிவையும் நன்கறிந்தவர்கள். அறிந்துகொண்டே பத்தாவது முறையும் பார்க்கிறவர்கள்.

இத்தகையோரிடையே ஒரு வழக்கம் உண்டு. தாம் பெரிதும் நேசிக்கும் தொடரிலேயே சில காட்சிகளை, சிலவேளை முழுப் படங்களையே, பாராது தாண்டிச் சென்றுவிடுகின்றனர். ‘அதை மட்டும் என்னால் இன்னொருமுறை பார்க்க இயலாது’ என்பது இரசிகர் வாயிலாக நாம் அடிக்கடி கேட்கும் கூற்று. இஃது அற்பமான ஒரு செய்தி எனப் புறந்தள்ளப்படலாம். ஆனால் ஒரு கலைப்படைப்பிலே மக்கள் எதனை விரும்புகிறார்கள் என்பதைப் போலவே, எதனைக் காணச் சகியாதிருக்கிறார்கள் என்பதும் அப்படைப்பின் இயல்பையும் அதனை நுகர்வோரின் மனநிலையையும் ஒருங்கே புலப்படுத்துவதாகும்.

முதலில், இத்தவிர்ப்பு அண்மைக்காலத்திலேதான் சாத்தியமாயிற்று என்பதை மனங்கொள்ளல் வேண்டும். தொலைக்காட்சியின் அடிப்படை இயல்பு ‘ஓட்டம்’ என்று றேமன்ட் வில்லியம்ஸ் 1974இல் வெளியான தமது நூலிலே விளக்கினார். நிகழ்ச்சி, விளம்பரம், செய்தி என யாவும் இடையறாத ஒரே பெருக்காக வீட்டினுள் வந்து சேர்கின்றன. பார்வையாளர் அப்பெருக்கினுள் அமர்ந்திருக்கிறார். அந்நிலையில் ஒரு காட்சியைத் தவிர்ப்பதற்கு அறையை விட்டு எழுந்து செல்வதொன்றே வழி. ஒளிநாடாவும் அதன் பின்வந்த இறுவட்டும் இவ்வோட்டத்தைப் பார்ப்பவரின் கையில் ஒப்படைத்தன. புத்தகத்தின் பக்கங்களைப் புரட்டுவதுபோல் படத்தையும் புரட்டலாம் என்றானபோதே, தவிர்த்தல் ஒரு பழக்கமாக, ஏன் ஒருவகை விமரிசனமாகவும் உருப்பெற்றது.

குருதி, சித்திரவதை, விலங்குகளுக்கு இழைக்கப்படும் கொடுமை ஆகியன காரணமாகச் சிலர் சில காட்சிகளைத் தவிர்ப்பர். அஃது எவ்வகைப் படத்துக்கும் பொதுவானதாகலின் அதனை இங்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. நமது கவனத்துக்குரியது வேறு. துப்பறியுந் தொடரிலே கொலை என்பது தவிர்க்கப்படும் காட்சியன்று. வாரந்தோறும் எவரோ ஒருவர் நூலகத்திலோ கல்லூரி முற்றத்திலோ இறந்து கிடப்பர். பார்ப்போர் அதனைத் தேநீர் அருந்தியவாறே பார்த்துக்கொண்டிருப்பர். அவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வது துப்பறிவாளன் இறக்குமிடத்திலேதான்.

மோர்ஸ் தொடரின் இறுதிப் படம் 2000ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 15ஆந் திகதி ஒளிபரப்பாயிற்று. கொலின் டெக்ஸ்ரர் அதற்கு முந்திய ஆண்டில் எழுதிய நாவலே அதற்கு மூலம். ஒக்ஸ்போட் கல்லூரி முற்றத்திலே மோர்ஸ் சாய்ந்து விழுகிறார், மருத்துவமனையில் இறக்கிறார், சார்ஜன்ற் லூவிஸ் குனிந்து அவரது நெற்றியில் முத்தமிடுகிறார். அதுவரை 32 படங்களிலும் இவ்விருவருக்குமிடையே வெளிப்படையான அன்புச் செயல் எதுவும் நிகழ்ந்ததில்லை எனலாம். கடிந்துகொள்ளலும் பியர் வாங்கித் தரச் சொல்லலுமே அவர்களது உறவின் மொழி. ஆகவே அம்முத்தம் தாங்கொணாததாகிறது. பதினைந்து மாதங்களின் பின், 2002 பெப்ரவரியில், ஜோன் தோ தமது அறுபதாவது வயதிலே புற்றுநோயால் இறந்தார். அதன்பின் அக்காட்சியைப் பார்ப்பவர் ஒரு பாத்திரத்தின் மரணத்தை மட்டும் பார்ப்பதில்லை.

புவாரோவைப் பொறுத்தவரை நடிகரே இத்தவிர்ப்பைக் கையாண்டார் என்பது சுவையான செய்தி. புவாரோ இறக்கும் ‘திரை’ என்ற கதையை அகதா கிறிஸ்ரி இரண்டாம் உலகப் போர்க்காலத்திலே எழுதிப் பூட்டி வைத்திருந்தார். 1975இலேயே அது நூலாயிற்று. அப்போது நியூயோக் ரைம்ஸ் நாளிதழ் தன் முதற் பக்கத்திலே புவாரோவுக்கு மரண அறிவித்தல் வெளியிட்டது. இதன் தொலைக்காட்சி வடிவம் 2013இல் இறுதியாகவே ஒளிபரப்பப்பட்டது. ஆனால் படப்பிடிப்பிலே அதனை இறுதித் தொகுதியின் முதற்படமாக எடுக்கவேண்டுமென்று சூஷே கேட்டுக்கொண்டார். கால் நூற்றாண்டு தம்முடன் வாழ்ந்த மனிதரின் மரணத்தோடு தமது பணி முடிவதை அவர் விரும்பவில்லை. இறுதியாகப் படமாக்கப்பட்டது கிறிஸ்ரியின் சொந்த இல்லமான கிறீன்வேயில் எடுக்கப்பட்ட வேறொரு கதை. அங்கு புவாரோ உயிரோடு இருக்கிறார்.

இதன் காரணத்தை விளங்கிக்கொள்வது கடினமன்று. துப்பறியுங் கதையின் உலகம் குலைந்து மீண்டும் ஒழுங்குபெறும் உலகம். சொத்துரிமையும் சட்டமும் ஒரு கணம் ஆட்டங்கண்டு, அறிவாற்றல் மிக்க தனிமனிதன் ஒருவனால் மீள நிலைநிறுத்தப்படுகின்றன. முதலாளித்துவ சமூகத்தின் அச்சங்களையும் அவற்றுக்கான கற்பனை ஆறுதலையும் இவ்விலக்கிய வகை ஒருங்கே கொண்டுள்ளதென முற்போக்குத் திறனாய்வாளர் பலர் எடுத்துக்காட்டியுள்ளனர். அவ்வாறுதலுக்கு ஒரு நிபந்தனை உண்டு: ஒழுங்கை மீட்பவன் காலத்துக்கு அப்பாற்பட்டவனாயிருத்தல் வேண்டும். கொலை பிறருக்கு நேரலாம். மூப்பும் மரணமும் அவனை அணுகலாகாது. மீள்பார்வை என்பது அந்த அழியாமையை நாடிச் செல்லும் பயணமே. காலம் உட்புகும் காட்சி அந்த உடன்பாட்டை முறிக்கின்றது. 1893 டிசம்பரிலே கொனன் டொயில் ஹோம்ஸை றைக்கன்பாக் நீர்வீழ்ச்சியில் வீழ்த்தியபோது வாசகர் கொதித்தெழுந்து அவனைத் திருப்பித் தருமாறு கேட்டனர். பத்தாண்டுகளின் பின் அவன் திரும்பியும் வந்தான். இன்றைய இரசிகருக்கு அந்த வலிமை இல்லை. காட்சியைத் தாண்டுவதற்கு ஒரு பொத்தான் மாத்திரமே உண்டு.

ஆயினும் கிறனாடாவின் ஹோம்ஸ் தொடரிலே நேர்ந்தது இவையனைத்திலும் வேறுபட்டது. அத்தொடரில் ஹோம்ஸ் இறக்கவில்லை. பார்வையாளர் கண்முன்னே மெல்ல மெல்லச் சாய்ந்தவர் பிறெற். 1984இல் நாம் காண்பது வாள்போன்ற மெலிந்த தேகம், நாற்காலியைத் தாண்டிக் குதிக்கும் துடிப்பு, மின்னலெனத் தோன்றி மறையும் புன்னகை. 1985 யூலையில் அவரது மனைவி ஜோன் வில்சன் புற்றுநோயால் இறந்தார். அடுத்த ஆண்டிலே பிறெற் கடும் மனநோய்க்கு ஆளானார். பித்தும் சோர்வும் மாறிமாறி வரும் நோய் அது என அறியப்பட்டு, லிதியம் மருந்து கொடுக்கப்பட்டது. இளமையில் வந்த வாதக்காய்ச்சலால் அவரது இருதயம் ஏற்கனவே நலிவுற்றிருந்தது. ஆண்டுகள் செல்லச் செல்ல உடல் நீர்கோத்து வீங்கியது, மூச்சு இரைத்தது. 1994இல் வெளிவந்த கடைசி ஆறு படங்களுள் ஒன்றிலே ஹோம்ஸ் பெரும்பாலும் காணப்படுவதேயில்லை. பிறெற்றின் நோய் காரணமாக மூத்த சகோதரன் மைக்ரொவ்ற் துப்பறியும் பணியை ஏற்குமாறு கதை மாற்றப்பட்டது. 1995 செப்டெம்பரில் பிறெற் இருதயம் செயலிழந்து காலமானார். வயது 61.

இரசிகர் பலர் தொடரின் இப்பிற்பகுதியைத் திறப்பதேயில்லை. அவர்களைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. ஆனால் இத்தவிர்ப்பினால் இழக்கப்படுவதும் உண்டு. அவ்வாறு படங்களுள் ‘இறக்குந் துப்பறிவாளன்’ என்பதும் ஒன்று. அக்கதையிலே கொலையாளியைப் பிடிப்பதற்காக ஹோம்ஸ் சாகக்கிடப்பவனாக நடிக்கிறான். மெய்யாகவே நோயுற்ற ஒருவர், நோயுற்றவனாகப் பாசாங்கு செய்யும் பாத்திரத்தை ஏற்று நடிக்கிறார். பாசாங்கு எங்கு முடிகிறது, உண்மை எங்கு தொடங்குகிறது என்பதைப் பார்ப்பவரால் பிரித்தறிய இயலாது. அக்காட்சியை ஒருமுறையேனும் முழுமையாகப் பார்த்தவர், நடிப்பு என்பது ஓர் உழைப்பு என்பதையும், அவ்வுழைப்பு ஓர் உடலிலிருந்து பெறப்படுகிறது என்பதையும் எளிதில் மறக்கமாட்டார். வெகுசனக் கலை தன் தயாரிப்பின் செலவை வழமையாக மறைத்தே வைக்கும். இங்கு அது மறைக்கப்பட இயலாதவாறு திரையிலே தெரிகின்றது.

அக்கதையிலேயே நம்மை வேறொரு திசைக்கு இட்டுச்செல்லும் செய்தியும் உள்ளது. 1913இல் வெளியான மூலக்கதையில், ஹோம்ஸ் பாசாங்கு செய்யும் நோய் சுமாத்திராவிலிருந்து வந்தது. கூலிகளின் நோய் என்றே சுட்டப்படுவது. கொலையாளியோ சுமாத்திராவிலே தோட்டத்துரையாக இருந்தவன். தன் தோட்டத்திற் பரவிய நோயைத் தானே ஆராய்ந்து, அவ்வறிவைக் கொலைக்குப் பயன்படுத்துகிறான். அத்தோட்டத்தில் எத்தனை கூலிகள் மடிந்தனர் என்று கதையில் எவரும் கேட்பதில்லை. தோட்டங்களின் வரலாற்றை அறிந்த நாட்டிலிருந்து இதனைப் படிக்கும் நாம் அவ்வினாவைக் கேளாதிருத்தல் அரிது.

கேட்கத் தொடங்கியபின், அதே தொடரில் இன்னுமொரு மரணம் நினைவுக்கு வருகிறது. 1987 டிசம்பரில் ஒளிபரப்பான ‘நால்வர் சின்னம்’ என்ற நீண்ட படத்திலே, தேம்ஸ் நதியில் நிகழும் இரவுநேரப் படகுத் துரத்தலின் உச்சத்தில், தொங்கா என்னும் அந்தமான் தீவினன் சுட்டு வீழ்த்தப்படுகிறான். கிரண் ஷா அப்பாத்திரத்தில் நடித்தார். அவன் நஞ்சூட்டிய முள்ளை ஊதுகிறான், துப்பாக்கிகள் வெடிக்கின்றன, ஆறு அவனை விழுங்குகிறது. இத்தொடரைத் திரும்பத் திரும்பப் பார்க்கும் நண்பர்களுடன் நாம் பலமுறை உரையாடியிருக்கிறோம். பார்க்கச் சகியாத காட்சிகளின் வரிசையில் இதனை ஒருவரேனும் சேர்த்ததில்லை. நாமும் சேர்த்ததில்லை. அதன் புகைமூட்டத்தையும் நீராவிப் படகின் வேகத்தையும் பலமுறை வியந்திருக்கிறோம்.

கொனன் டொயிலின் 1890ஆம் ஆண்டு நாவல் அந்தமான் மக்களை மனிதரைத் தின்னும் கொடியோராகச் சித்திரிக்கின்றது. அக்கூற்றுக்கு ஆதாரம் எதுவுமில்லை. 1857 எழுச்சியை அடக்கியபின், அதிற் பங்குபற்றியோரை அடைத்து வைப்பதற்காகப் பிரித்தானியர் 1858இல் போட் பிளேயரிலே தண்டனைக் குடியேற்றம் நிறுவினர். தீவின் மக்கள் அதனை எதிர்த்து 1859இல் போரிட்டனர். அவர்களை வீழ்த்தியதில் துப்பாக்கிகளுக்கும் மேலாகக் குடியேற்றத்தோடு வந்த நோய்களுக்கே பங்குண்டு. 1877இலே சின்னமுத்து நோய் பரவிப் பெருந்தொகையானோரைக் கொன்றது. சில ஆயிரவராக இருந்த பெரும் அந்தமானியர் 1961ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போது இருபதுக்கும் குறைவானவராயினர். நஞ்சு யாரிடமிருந்து யாருக்குச் சென்றது என்பதை வரலாறும் நாவலும் எதிரெதிராகக் கூறுகின்றன.

எனினும் நாவலாசிரியர் தம்மையறியாமலே ஓர் உண்மையை உள்ளே விட்டுச் சென்றுள்ளார் எனக் கருத இடமுண்டு. தொங்காவுக்காகப் பேசும் ஒருவன் அக்கதையிலே இருக்கிறான். அவன் ஹோம்ஸோ வொட்சனோ அல்லன். தப்பியோடிய கைதியான ஜொனதன் ஸ்மோல். சாகும் நிலையிலே தனித்துக் கிடந்த தொங்காவைத் தான் பேணிக் குணப்படுத்தியதையும், அதன்பின் அவன் தன்னை விட்டு அகலாதிருந்ததையும் ஸ்மோல் எடுத்துரைக்கிறான். இங்கிலாந்துக்கு வந்தபின் சந்தைகளிலே அவனைக் காட்சிப்பொருளாக நிறுத்திப் பிழைப்பு நடத்தியதையும் அவனே ஒப்புக்கொள்கிறான். பச்சை இறைச்சியைத் தின்று போர்க்கூத்து ஆடிக் காட்டுவதே தொங்காவின் தொழில். நட்பும் சுரண்டலும் ஒரே வாக்குமூலத்தில் வருகின்றன. தொங்காவின் சொந்தக் குரல் மட்டும் எங்கும் கேட்பதில்லை.

அண்மையில் இப்படத்தை நண்பர் சிலருடன் கூடியிருந்து பார்த்தோம். துரத்தல் காட்சி நெருங்கியபோது, இளையவர் ஒருவர் இதனைத் தாண்டிச் செல்லலாமே என்றார். நாம் பேசிக்கொண்டிருந்தவற்றின் விளைவு அது. உடனே கருத்து வேறுபாடு எழுந்தது. பிறெற்றின் வீங்கிய முகத்தைக் காணாதிருப்பது போன்றதா தொங்காவின் வீழ்ச்சியைக் காணாதிருப்பது? முன்னையது துயரத்தின் பாற்பட்டது. பின்னையதில் நமது மனச்சாட்சியைக் காத்துக்கொள்ளும் வசதி கலந்திருக்கிறதல்லவா? தாண்டிச் சென்றால் அவன் மீண்டும் ஒருமுறை இல்லாமற்போகிறான் என்றார் ஒருவர். பார்த்தால் மீண்டும் ஒருமுறை சுடப்படுகிறான் என்றார் மற்றவர். விவாதம் முடியுமுன் படகுகள் நதியில் இறங்கிவிட்டன. பொத்தானை எவரும் அழுத்தவில்லை.

துரத்தல் முடிந்து, பேக்கர் வீதி அறையிலே விலங்கிடப்பட்ட ஸ்மோல் தன் கதையைச் சொல்லத் தொடங்கினான். மரக்காலோடும் வெயிலிற் கருகிய முகத்தோடும் அமர்ந்திருந்த அந்நடிகரை நம்முள் சிலர் அப்பொழுதுதான் அடையாளங் கண்டனர். ஜோன் தோ. மோர்ஸாக அவர் முதன்முதலில் திரையிலே தோன்றியதும் அதே 1987ஆம் ஆண்டில்தான்.