பின்: ஒரு சிறு சொல்லும் பெண்ணின் கைப்பணமும்

வெள்ளவத்தையில் காலி வீதியோரமாகவுள்ள பான்சிக் கடையொன்றில் "பின் இருக்கிறதா?" என்று கேட்டால், "எந்தப் பின்?" என்றுதான் கடைக்காரர் திருப்பிக் கேட்பார். சேலை மடிப்பைப் பிடித்து வைக்கும் சேப்ரி பின் ஒன்று. கொண்டையில் செருகும் ஹெயார் பின் இன்னொன்று. தைக்கும் துணியில் குத்தி வைக்கும் குண்டூசியும் பின்தான். கடையை விட்டு வெளியே வந்து வங்கியின் ஏ.ரி.எம். இயந்திரத்தின் முன் நின்றால் அதுவும் "பின்" கேட்கின்றது.

கொட்டாஞ்சேனையில் நான் பொறுப்பாகவுள்ள தையல் வகுப்புக்கு வரும் பெண்களுள் பெரும்பாலானோர் போரினால் இடம்பெயர்ந்து கொழும்பில் தங்கிவிட்டவர்கள். அவர்களில் ஒருவர் ஒருநாள், "மிஸ், துணியில குத்திற பின்னும் காசெடுக்கிற பின்னும் ஒண்டோ?" என்று கேட்டார். மற்றவர்கள் சிரித்துவிட்டார்கள். ஆனால் அது நல்ல கேள்வி. அன்று நான் சொன்ன பதிலைத்தான் இங்கு சற்று விரிவாக எழுதுகின்றேன். ஏனெனில் இந்தச் சிறு சொல்லுக்குள் பெண்ணின் கைப்பணத்தைப் பற்றிய ஒரு நீண்ட கதை அடங்கியுள்ளது.

சொல் வந்த வழி

பழைய ஆங்கிலத்தில் "பின்" என்றால் முளை, மர ஆணி என்று பொருள். இறகு, கூர்முனை ஆகிய பொருள்களையுடைய "பின்னா" என்ற இலத்தீன் சொல்லோடு இதனை மொழியறிஞர்கள் தொடர்புபடுத்துகின்றனர். உலோகக் கம்பி எளிதில் கிடைக்காத காலத்தில் முள்ளும் எலும்பும் மரக்குச்சியுமே ஆடையின் இரு முனைகளையும் சேர்த்துப் பிடித்தன.

1505ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்த போர்த்துக்கேயர் குண்டூசியை வேறொரு பெயரால் அழைத்தனர். அப்பெயரே சிங்களத்தில் "அல்பெனெத்தி" என்று நிலைத்துவிட்டது. போர்த்துக்கேயருக்கும் அது சொந்தச் சொல் அன்று; அரபு மொழியிலிருந்து அவர்கள் பெற்றது. நாம் சொல்லும் "பொத்தான்", சிங்களவர் சொல்லும் "பொத்தம" ஆகிய இரண்டும் அதே போர்த்துக்கேயரிடமிருந்து வந்தவையே. இரு மொழிக்காரரும் ஒரே சொல்லால்தான் சட்டையைப் பூட்டுகின்றோம். தமிழகத்தில் சேப்ரி பின்னை "ஊக்கு" என்பார்கள்; அது "ஹூக்" என்னும் ஆங்கிலச் சொல்லின் திரிபு. குண்டூசி மட்டும் முழுக்க நமது சொல். தலை குண்டாயுள்ள ஊசி, குண்டூசி.

பின் வாங்கக் கொடுத்த பணம்

முன்னைய இங்கிலாந்தில் பின்கள் கையால் செய்யப்பட்டன. அவை விலை கூடியவை. ஆடை அணிவதற்கு ஒரு பெண்ணுக்குப் பல பின்கள் தேவைப்பட்டன. அவற்றை வாங்குவதற்கென்று கணவனோ தந்தையோ கொடுத்த தொகையே "பின் மணி", அதாவது பின் காசு எனப்பட்டது.

இதை ஏதோ கைச்செலவு என்று நாம் எண்ணிவிடக்கூடாது. அக்காலத்து ஆங்கிலச் சட்டப்படி, திருமணமான பெண்ணின் பணமும் அவள் உழைத்த சம்பளமும் கணவனுக்கே உரியவை. எனவே வசதியுள்ள குடும்பங்கள் தமது மகளுக்கு ஆண்டுதோறும் இவ்வளவு பின் காசு கொடுக்கப்பட வேண்டும் என்று திருமண உடன்படிக்கையிலேயே எழுதிக்கொண்டன. கணவனிடம் கணக்குச் சொல்லாமல் அவள் செலவிடக்கூடிய பணம் அது. 1870, 1882ஆம் ஆண்டுகளின் சட்டங்களுக்குப் பின்னரே திருமணமான பெண்ணின் உழைப்பும் சொத்தும் அவளுக்குரியவை என்பது அந்நாட்டில் ஏற்கப்பட்டது.

நமது தேசவழமையிலும் இதையொத்த ஒரு கோடு உண்டு. 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, மனைவி தனக்குச் சொந்தமான பணம், நகை போன்ற அசையும் சொத்தைக் கணவனின் சம்மதமின்றியே கையாளலாம். தனது காணியையோ வீட்டையோ விற்பதாயின் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். கணவன் இருக்குமிடம் தெரியாவிட்டால் மாவட்ட நீதிமன்றம் அச்சம்மதத்துக்குப் பதிலாக அனுமதி வழங்கலாம். கணவரைத் தேடிக்கொண்டிருக்கும் நம் சகோதரிகள் இதனை அறிந்துவைத்திருப்பது நல்லது.

மலிந்த பின், மலிந்த உழைப்பு

பின் எப்படி மலிந்தது? 1776ஆம் ஆண்டில் பொருளியல் அறிஞர் அடம் சிமித் தமது நூலில் பின் தொழிற்சாலையையே உதாரணமாகக் காட்டினார். கம்பியை இழுப்பவர் ஒருவர், நிமிர்த்துபவர் ஒருவர், வெட்டுபவர் ஒருவர், கூராக்குபவர் ஒருவர் என்று ஒரு பின் ஏறத்தாழ 18 வேலைகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. அவ்வாறு பிரித்துச் செய்தபோது பத்துப் பேர் ஒரு நாளில் 48,000 பின்களைச் செய்தனர். தனியாகச் செய்தால் ஒருவரால் நாளொன்றுக்கு இருபது பின்கூடச் செய்ய முடியாது என்றார் அவர்.

ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்தவர்களுக்கு இது புதிய செய்தியல்ல. காலர் மட்டும் தைப்பவர், கை மட்டும் பொருத்துபவர், பொத்தான் மட்டும் வைப்பவர் என்று ஒரே மேசை வரிசையில் ஒரு சட்டை நகர்ந்து செல்வதை அவர்கள் கண்டிருக்கிறார்கள்.

பின் மலிந்ததும் "பின் காசு" என்ற சொல்லின் மதிப்பும் இறங்கிவிட்டது. அற்பத் தொகை என்று அதற்குப் பொருள் வந்தது. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், "பெண்கள் பின் காசுக்காகத்தானே வேலைக்கு வருகிறார்கள், அவர்களுக்கு எதற்கு ஆண்களுக்குச் சமமான சம்பளம்?" என்று அமெரிக்காவில் வாதிட்டார்கள். அங்குள்ள பெண் தொழிலாளருள் பலர் தமது குடும்பத்தையே தாங்கியவர்கள் என்பதை அந்நாட்டுத் தொழில் திணைக்களத்தின் பெண்கள் பணியகம் ஆய்வுகள் மூலம் எடுத்துக்காட்ட வேண்டியிருந்தது. நம் நாட்டிலும் தேயிலைத் தோட்டங்களில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் 1984இல்தான் வந்தது. பெண்களைத் தலைவராகக் கொண்ட குடும்பங்கள் போருக்குப் பின் எங்கும் நிறைந்துள்ள இன்றும், "அவள் கைச்செலவுக்குத் தைக்கிறாள்" என்று சொல்வோர் நம்மிடையே உள்ளனர். அந்தத் தையற் கூலியில்தான் அடுப்பு எரிகின்றது, பிள்ளை பாடசாலைக்குப் போகின்றது.

பதினைந்து டொலர் கடன்

சேப்ரி பின்னுக்கு வேறொரு கதை உண்டு. அமெரிக்கரான வோல்ட்டர் ஹன்ட் 1849ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் திகதி அதற்கு உரிமம் பெற்றார். ஒரு முனையில் சுருளும் மறுமுனையில் மூடியுமாக, விரலைக் குத்தாதபடி ஒரே கம்பியில் அதைச் செய்திருந்தார். அவருக்கு 15 டொலர் கடன் இருந்ததாகவும், அதைத் தீர்ப்பதற்காக உரிமையையே 400 டொலருக்கு விற்றுவிட்டதாகவும் சொல்லப்படுகின்றது. பின்னர் அந்தப் பின்னால் வந்த பெரும் இலாபம் வாங்கியவர்களுக்கே போய்ச் சேர்ந்தது. சிறிய கடனுக்காகப் பெரிய உரிமையைக் கைவிட்ட இக்கதையை வகுப்பில் சொன்னபோது எவரும் சிரிக்கவில்லை. அதன் காரணம் அடுத்த பின்னில் இருக்கின்றது.

வங்கிப் பின்

ஏ.ரி.எம். கேட்கும் பின் வேறு சொல். "ஆளை அடையாளம் காட்டும் இலக்கம்" என்னும் பொருளுடைய மூன்று ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள் சேர்ந்து உருவானது. அட்டையோடு இரகசிய இலக்கத்தையும் சேர்த்துப் பயன்படுத்தும் முறைக்கு 1966இல் உரிமம் பெற்றவர் ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் குட்ஃபெலோ. 1967இல் லண்டனில் பணம் வழங்கும் இயந்திரத்தை அமைத்த ஜோன் ஷெப்பர்ட் பரன், ஆறு இலக்கம் வைக்கவே முதலில் எண்ணினாராம். நான்கு இலக்கத்தைத்தான் தன்னால் நினைவில் வைக்க முடியும் என்று மனைவி சொன்னதால் நான்காகக் குறைத்தேன் என்று அவரே பின்னாளில் கூறியிருக்கின்றார்.

சொல் வேறாயினும் வேலை ஒன்றுதான். திறந்து கிடக்காமல் பிடித்து வைப்பது. ஆனால் நான் சந்திக்கும் பெண்களில் பலரின் பின் இலக்கம் அண்ணனிடமோ மகனிடமோ இருக்கின்றது. சிலருடையது கடன் கொடுத்தவரிடம் இருக்கின்றது.

கொட்டாஞ்சேனையில் வாடகை அறையொன்றில் வசிக்கும் ஒரு தாயின் கணவர் 2009இல் காணாமற்போனவர். மகளின் சத்திரசிகிச்சைக்காக இவர் 30,000 ரூபா கடன் பெற்றபோது, கொடுத்தவர் பிணையாக வங்கி அட்டையையும் இலக்கத்தையும் வாங்கிக்கொண்டார். சம்பளம் விழும் நாளில் அவரே பணத்தை எடுத்து மிச்சத்தைக் கொடுத்து வந்தார். எவ்வளவு எடுக்கப்பட்டது என்று இந்தத் தாய்க்குத் தெரியாது. ஒரு திங்கட்கிழமை தேசிய அடையாள அட்டையுடன் இருவரும் வங்கிக்குப் போனோம். பழைய அட்டை நிறுத்தப்பட்டது. புதிய அட்டைக்கும் கணக்குக் கூற்றுக்கும் விண்ணப்பித்தோம். கூற்றைப் பார்த்தபோது, பெற்ற கடனைவிடக் கூடுதலான தொகை ஏற்கெனவே எடுக்கப்பட்டிருந்தது. அதை முன்வைத்துப் பேசியதில் கடன் தீர்ந்ததாக எழுத்தில் கிடைத்தது.

2023 முதல் அஸ்வெசும உதவித் தொகையும் பெறுபவரின் வங்கிக் கணக்குக்கே அனுப்பப்படுகின்றது. ஆகவே பின்வருவனவற்றை மனதிற்கொள்ளுங்கள்:

1. அட்டையைப் பிணையாகக் கொடுக்க வேண்டாம். அட்டையிலோ அதன் உறையிலோ இலக்கத்தை எழுதி வைக்க வேண்டாம்.

2. இலக்கம் வேறொருவருக்குத் தெரிந்துவிட்டால் உடனே மாற்றுங்கள். அட்டை உங்கள் கையில் இல்லாவிட்டால் வங்கிக்குச் சென்று அதை நிறுத்தச் சொல்லுங்கள்.

3. இயந்திரம் பழக்கமில்லாவிட்டால் வங்கிப் புத்தகத்தைக் கொண்டுசென்று கருமபீடத்திலேயே பணம் பெறலாம்.

4. எந்த வங்கி அலுவலரும் உங்கள் பின் இலக்கத்தையோ தொலைபேசிக்கு வரும் இரகசிய இலக்கத்தையோ கேட்கமாட்டார். கேட்பவர் வங்கியைச் சேர்ந்தவர் அல்லர்.

5. வங்கி உங்கள் முறைப்பாட்டைக் கவனிக்காவிட்டால் இலங்கை மத்திய வங்கியின் 1935 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள்.

சகோதரிகளே, இலக்கத்தை நீங்களே வைத்திருப்பது அண்ணனையோ மகனையோ நம்பாத செயல் அல்ல. அவர்களோடு ஒரே வீட்டில் இருந்துகொண்டே உங்கள் உழைப்பின் கணக்கை நீங்கள் அறிந்திருக்கலாம். நான்கு இலக்கத்தைக் காலையில் எழுந்ததும் ஒருதரம், படுக்கப் போகும்போது ஒருதரம் மனதுக்குள் சொல்லிப் பாருங்கள். ஒரு வாரத்தில் பழகிவிடும். எழுத வாசிக்கத் தெரியாத அறுபது வயது அம்மா ஒருவர் எங்கள் வகுப்பில் ஐந்து நாட்களில் பழகிவிட்டார். இப்போது தன் பணத்தைத் தானே எடுக்கின்றார்.