ஓர் எழுத்து மாறினால்...

'பால்' என்ற சொல்லின் கடைசி எழுத்தை மாற்றி 'பாழ்' என்று எழுதிப் பாருங்கள். மாறியது ஓர் எழுத்துதான். பொருளோ அடியோடு மாறிவிட்டதல்லவா? நம் உடலிலும் ஓர் எழுத்து மாறுவதால் ஒரு நோய் பிறக்கிறது. அரிவாள் செல் சோகை என்பது அதன் பெயர்.

இரத்தச் சிவப்பணுக்களில் பிராணவாயுவைச் சுமப்பது ஹீமோகுளோபின் என்ற புரதம். அதன் பீட்டா இழை, 146 அமினோ அமில மணிகள் கோத்த மாலை போன்றது. மணிகளின் வரிசையை நிர்ணயிப்பது மரபணு. அதில் 'ஏ' என்ற எழுத்து இருக்க வேண்டிய ஓரிடத்தில் 'டி' வந்துவிட்டால், ஆறாவது மணியான குளூட்டாமிக் அமிலத்துக்குப் பதிலாக வாலின் அமர்ந்துவிடுகிறது.

விளைவு என்ன? பிராணவாயு குறைந்ததும் ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட இழைகளாகின்றன. வட்டமான அணு அரிவாள் போல் வளைந்து, நுண்ணிய இரத்தக் குழாய்களை அடைக்கிறது. நோயாளி தாங்கமுடியாத வலியால் துடிக்கிறார். 120 நாட்கள் வாழவேண்டிய அணு 10 முதல் 20 நாட்களில் அழிவதால் சோகையும் சேர்ந்துகொள்கிறது.

பூவா, தலையா?

இந்த மரபணு நம் ஒவ்வொருவரிடமும் இரண்டு பிரதிகளாக இருக்கிறது: ஒன்று தாய் தந்தது, மற்றது தந்தை தந்தது. ஒரு பிரதியில் மட்டும் பிழையுள்ளவரைக் 'கடத்துநர்' என்பார்கள். இவர் நோயாளி அல்லர். கடுமையான மலேரியாவிலிருந்து இவருக்கு ஓரளவு பாதுகாப்பும் உண்டு! இந்தியாவில் இப்பிழை முதன்முதலில் 1952-இல் நீலகிரிப் பழங்குடி மக்களிடம் கண்டறியப்பட்டது.

தாய், தந்தை இருவருமே கடத்துநர் என்றால்? இரண்டு நாணயங்களைச் சுண்டிப் பாருங்கள். 'பூ' பிழையுள்ள பிரதி. 'தலை' நல்ல பிரதி. இரண்டும் பூவாக விழ நாலில் ஒரு வாய்ப்பு. அதுவே குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு. முன்பு விழுந்தது நாணயத்துக்கு நினைவிருக்காது. ஒவ்வொரு குழந்தைக்கும் அதே கணக்குதான்.

சோதனையும் சிகிச்சையும்

கடத்துநரைத் தோற்றத்தால் அறிய முடியாது. சிறிதளவு இரத்தம் போதும். இருவகை ஹீமோகுளோபின்களும் மின்புலத்தில் வெவ்வேறு விதமாக நகர்கின்றன என்று 1949-இல் லைனஸ் பாலிங் குழுவினர் காட்டினர். அந்த வேறுபாடே சோதனைக்கு உதவுகிறது. 2023-இல் இந்திய அரசு தொடங்கிய இயக்கம் ஏழு கோடிப் பேரைச் சோதிப்பதை இலக்காகக் கொண்டது.

அதே ஆண்டின் இறுதியில் பிரிட்டனும் அமெரிக்காவும் 'காஸ்ஜெவி' என்ற மரபணு சிகிச்சையை அனுமதித்தன. வேடிக்கை என்னவென்றால், இது பிழையான எழுத்தைத் தொடுவதேயில்லை! கருவில் இருந்தபோது நம்மிடம் வேறொரு ஹீமோகுளோபின் இருந்தது. பிறந்தபின் அதை அடக்கிவைப்பது பி.சி.எல்.11ஏ என்ற மரபணு. நோயாளியின் இரத்த மூலசெல்களை வெளியே எடுத்து, 'கிரிஸ்பர்' என்னும் மூலக்கூறுக் கத்தரியால் அந்தத் தடையைத் தளர்த்துகிறார்கள். பின்பு கடும் மருந்தால் பழைய எலும்பு மஜ்ஜையை அகற்றி, மாற்றிய செல்களைச் செலுத்துகிறார்கள். கருக்கால ஹீமோகுளோபின் மீண்டும் சுரக்கிறது. அணுக்கள் வளைவது குறைகிறது. அமெரிக்காவில் இதற்கு அறிவிக்கப்பட்ட விலை 22 லட்சம் டாலர்!

ஒன்றை மறவாதீர்கள். மாறுவது இரத்த செல்கள் மட்டுமே. இனப்பெருக்க செல்கள் அல்ல. சிகிச்சை பெற்றவரும் பிழையைத் தம் குழந்தைக்குத் தரக்கூடும். ஆகவே சிகிச்சை எவ்வளவு முன்னேறினாலும் சோதனையின் தேவை தீராது. உங்கள் தோழர் ஒருவர் கடத்துநர் எனத் தெரிந்தால், அவரை ஒதுக்காதீர்கள். நாணயக் கணக்கைச் சொல்லிக்கொடுங்கள்.