பக்கத்து நிலையத்தின் பிடியிலிருந்து ஒரு குரலை மீட்பது

ராமேஸ்வரம், வேதாரண்யம் பக்கம் பண்பலை வானொலியைத் திருப்பினால் இலங்கைத் தமிழ் நிலையங்கள் கேட்கும். கடற்பரப்பில் குறுக்கே மலையோ கட்டடமோ இல்லை. குளிர்ந்த காற்றின் மேல் வெப்பக் காற்று படரும் நேரங்களில் அலைகள் வளைந்து வழக்கத்தைவிட வெகுதூரம் போகும். ஆனால் அருகிலுள்ள அலைவரிசையில் உள்ளூர் நிலையம் ஒன்று பலமாக ஒலித்தால் அந்தத் தூரத்துக் குரல் அமுங்கிப்போகும். ஏரியலை நீட்டினாலும் பலனிருக்காது, இரண்டும் சேர்ந்தே வலுப்பெறும். அங்கே தேவைப்படுவது, வேண்டியதை மட்டும் பிரித்தெடுக்கும் திறன்.

இதற்கு வழிகாட்டியவர் அமெரிக்கப் பொறியாளர் எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங். பண்பலை முறையையே 1930களில் வளர்த்தெடுத்தவரும் அவர்தான். 1918இல் அவர் உருவாக்கிய சூப்பர்ஹெட்டரோடைன் முறையில், எந்த நிலையத்தைத் திருப்பினாலும் அதன் அலை ஒரே இடைநிலை அதிர்வெண்ணுக்கு மாற்றப்படும். பண்பலைப் பெட்டிகளில் அது பெரும்பாலும் 10.7 மெகாஹெர்ட்ஸ். இதனால் ஒவ்வொரு நிலையத்துக்கும் தனி வடிகட்டி வேண்டாம், 10.7க்குச் செம்மையாக அமைந்த ஒன்றே போதும்.

வடிகட்டும் வேலையை நெடுங்காலம் செய்துவந்தது மூன்று கால்கள் கொண்ட சிறிய செராமிக் துண்டு. சாதாரணப் பெட்டிகளில் 280 கிலோஹெர்ட்ஸ் அகலத்துக்கு அலையைக் கடக்கவிடும் துண்டு இருக்கும். நெரிசல் மிகுந்த ஐரோப்பாவில் தூர நிலையங்களைத் தேடும் ஆர்வலர்கள் அதைக் கழற்றி 150 அல்லது 110 கிலோஹெர்ட்ஸ் வடிகட்டியைப் பற்றவைத்துக்கொள்வார்கள். பக்கத்து நிலையம் விலகும், ஆனால் அதற்கு விலையும் உண்டு. பண்பலை அலை மையத்திலிருந்து இருபுறமும் 75 கிலோஹெர்ட்ஸ் வரை ஊசலாடும். ஸ்டீரியோ ஒலிக்குச் சுமார் 250 கிலோஹெர்ட்ஸ் இடம் வேண்டும். அதை நெருக்கினால் பாட்டு கரகரக்கும். பேச்சை மட்டும் கேட்பவர் இந்தக் குறையைப் பொறுத்துக்கொள்வார், இசை கேட்பவரால் முடியாது.

இந்த இழுபறியை இப்போது சில்லுகள் வெகுவாகக் குறைத்துவிட்டன. கார் வானொலிகளுக்காக என்எக்ஸ்பி நிறுவனம் செய்த டிஇஎஃப்6686 அலையை எண்களாக மாற்றி, கணக்குப் போட்டே வடிகட்டுகிறது. அகலத்தை 56 முதல் 311 கிலோஹெர்ட்ஸ் வரை மாற்றலாம். பக்கத்தில் தொல்லை இருந்தால் தானே சுருங்கும், இல்லாவிட்டால் விரியும். தனி மனிதர் வாங்கும் சிறு பெட்டிகளிலும் இது வந்துவிட்டது பெரிய முன்னேற்றம்.

ஒரே அலைவரிசையில் இரு நிலையங்கள் மோதினால் மட்டும் எந்த வடிகட்டியும் உதவாது. பண்பலையில் வலுத்தது மற்றதை அறவே விழுங்கிவிடும். அங்கே கைகொடுப்பது வேண்டிய திசையை நோக்கித் திருப்பிய யாகி ஆன்டெனாதான்.

புதுப்பெட்டி வாங்குமுன் இருப்பதைக் கொண்டே இரண்டு காரியம் செய்து பாருங்கள். இரைச்சல் இருந்தால் ஸ்டீரியோவை அணைத்து மோனோவுக்கு மாற்றுங்கள். ஸ்டீரியோவுக்கான கூடுதல் பகுதி உயர்ந்த அதிர்வெண்ணில் வருவதால் இரைச்சலில் பெரும்பங்கு அதோடுதான் வருகிறது. குரல் மெலிந்து கேட்டால் ஏரியலைச் சுமார் 75 சென்டிமீட்டருக்கு நீட்டி ஜன்னலோரம் வையுங்கள். பண்பலை அலையின் நீளம் ஏறத்தாழ 3 மீட்டர், அதில் கால்பங்கு இது. இவ்வளவு செய்தும் பக்கத்து நிலையம் உள்ளே நுழைந்தால், அப்போது அகலத்தை மாற்றும் வசதியுள்ள பெட்டியாகப் பார்த்து வாங்குங்கள்.