திரையில் கூடிய பேரவையும் திக்கிப் பேசும் குழந்தைகளும்

பிறமொழி வழங்கும் நகரில் குடியேறிய குடும்பத்திற்கு வாய்ச்சொல்லே முதற்கருவி. கடையிலும் பள்ளியிலும் அலுவலகத்திலும் ஒருவனுக்கு இடம் தேடித் தருவது அதுவே. அச்சொல் தொண்டையிலேயே தடைப்பட்டு நின்றுவிடுமாயின் அவன் படும் துயரத்தை எண்ணிப் பார்ப்போர் சிலரே. புகைவண்டி நிலையத்தில் பயணச் சீட்டு வழங்கும் சாளரத்தின் பின்னே அமர்ந்திருக்கும் எம்மனோர் அதனை நன்கறிவர். பங்காரப்பேட்டை என்று கேட்க வேண்டியவர் முதலெழுத்திலேயே திணறுவார். பின்னால் நிற்போர் முணுமுணுப்பர். முடிவில் ஊர்ப் பெயரைத் துண்டுத்தாளில் எழுதி நீட்டுவார்.

இத்தகையோருக்காகவும், இவர்களுக்குத் துணைநிற்கும் வல்லுநர்களுக்காகவும் உலகளாவிய மாநாடு ஒன்று 1998-ஆம் ஆண்டிலேயே இணையத்தின் வழி முதன்முறையாகக் கூடிற்று என்பதை நம் அன்பர்களிற் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். அக்டோபர் 22-ஆம் நாள் திக்குவாய் விழிப்புணர்வு நாளாக அவ்வாண்டு முதல் கொண்டாடப்படுகிறது. அதனையொட்டி, அமெரிக்க நாட்டின் மின்னசோட்டா மாநிலத்துப் பேராசிரியை ஜூடித் கஸ்டர் அம்மையார் அந்த மாநாட்டை அமைத்தார். ஆண்டுதோறும் அக்டோபர் முதல் நாள் தொடங்கி 22-ஆம் நாள் வரை அது நடைபெறுகிறது. வல்லுநர்களும், திக்கிப் பேசுவோரும், பெற்றோரும் தத்தம் கட்டுரைகளை அங்கு வைப்பர். எவரும் வினாவை எழுதி அனுப்பலாம். கட்டுரையாளர் விடை தருவார். பயணச் செலவு இல்லை, மேடை இல்லை, ஒலிபெருக்கி இல்லை. பேரவையில் எழுந்து நின்று பேச அஞ்சியவன், அங்கே அறிஞனோடு சமமாக உரையாடினான்.

உலகின் ஏனைய மாநாடுகள் அவ்வழிக்கு வர 2020-ஆம் ஆண்டுப் பெருந்தொற்று வேண்டியிருந்தது. 1925-இல் தோன்றிய அமெரிக்கப் பேச்சு, மொழி, கேள்வி வல்லுநர் சங்கமும் அவ்வாண்டு நவம்பரில் சான்டியேகோ நகரில் நடத்தவிருந்த மாநாட்டைக் கைவிட நேர்ந்தது. நம் நாட்டில் மார்ச் 25 முதல் ஊரடங்கு வந்தது. வல்லுநர்கள் திரை வழியே பேசிக்கொண்டதைப் போலவே, குழந்தைகளுக்கான பேச்சுப் பயிற்சியும் கைப்பேசித் திரைக்கு வந்து சேர்ந்தது.

இதனால் ஈஜிபுராவில் வாழும் நமக்கு வந்த பயன் யாது?

திக்கல் பெரும்பாலும் இரண்டு வயது முதல் ஐந்து வயதுக்குள் தோன்றுவது. நூறு குழந்தைகளில் ஏறத்தாழ ஐவருக்கு அது வருகிறது. அவர்களிற் பெரும்பாலோருக்குத் தானே நீங்குகிறது. வளர்ந்தோரில் நூற்றுக்கு ஒருவருக்கு நிலைத்துவிடுகிறது. அவர்களுள் ஆண்களே மிகுதி. பரம்பரைக்கும் இதில் பங்குண்டு. இதனோடு தொடர்புடைய மரபணுக்கள் சிலவற்றை 2010-இல் ஆய்வாளர் கண்டறிந்தனர். குறை நாவில் இல்லை. பேச்சை ஒழுங்குபடுத்தும் மூளையின் செயலில் உள்ளது. ஆகவே வசம்பை இழைத்து நாவில் தடவுவதாலும், கூழாங்கல்லை வாயிலிட்டுப் பேசச் செய்வதாலும் அது தீராது.

நம்மவர் வீடுகளில் மற்றொரு மயக்கமும் உண்டு. வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பள்ளியில் ஆங்கிலம். இம்மூன்றும் சேர்ந்து குழந்தையைக் குழப்பின, எனவே தமிழை நிறுத்திவிடுக என்று அறிவுரை கூறுவோர் உளர். பல மொழி பேசுவதால் திக்கல் பிறக்கும் என்று எவரும் நிறுவவில்லை; ஒரு மொழியைக் கைவிட்டால் அது நீங்கும் என்பதற்கும் சான்றில்லை. பல மொழி பயிலும் குழந்தை சொல்லைத் தேடித் தயங்குவது இயல்பு. அத்தயக்கத்தைத் திக்கல் என்று பிழைபடக் கொள்வதும் உண்டு. எது தயக்கம், எது திக்கல் என்று தெளிய, குழந்தையின் வீட்டு மொழியிலும் சோதித்துப் பார்த்தல் இன்றியமையாதது.

இங்கேதான் திரை நமக்குத் துணையாகிறது. இந்நகரின் நிம்ஹான்ஸ் நிலையத்தில் பேச்சுச் சிகிச்சைத் துறை உண்டு. மைசூரில் 1965-இல் தோன்றிய அகில இந்திய வாய்பேச்சு, செவிப்புலன் நிலையம் உலகறிந்தது. இவ்விடங்களில் தமிழறிந்த வல்லுநர் வாய்க்காவிடில், சென்னையிலோ வேலூரிலோ இருக்கும் வல்லுநரை வீட்டிலிருந்தே காண இயலும். நேரில் அளிக்கும் பயிற்சிக்கு இது தாழ்ந்ததோ என்னும் ஐயம் எழலாம். சிறுவர் திக்கலுக்கான லிட்கம் என்னும் பயிற்சி முறையை நேரிலும் இணைய வழியிலும் அளித்து ஆஸ்திரேலிய ஆய்வாளர் ஒப்பிட்டனர். இணைய வழி பின்தங்கவில்லை என்று 2016-இல் வெளியிட்டனர். அம்முறையில் நாள்தோறும் பயிற்சி தருவோர் பெற்றோரே. ஆதலின் கைப்பேசியைக் குழந்தையின் கையில் கொடுத்துவிட்டு அடுக்களைக்குச் செல்வது பயன் தராது. தாயோ தந்தையோ உடனமர்தல் வேண்டும்.

இதன்கண் நாம் மேற்கொள்ள வேண்டுவன சில:

1. குழந்தை பேசி முடிக்கும்வரை பொறுமையுடன் கேட்டல். இடையில் சொல்லை எடுத்துக் கொடாதிருத்தல்.

2. திக்கல் ஆறு மாதத்திற்கு மேல் நீடித்தாலோ, குடும்பத்தில் வேறெவர்க்கேனும் இருந்தாலோ, குழந்தை பேச அஞ்சினாலோ வல்லுநரை நாடுதல்.

3. அவர் உரிய பட்டம் பெற்று, 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இந்திய மறுவாழ்வுக் குழுவில் பதிவு செய்தவரா என்று கேட்டறிதல்.

4. எவரும் எள்ளி நகையாடாதவாறு காத்தல்.

இறுதியிற் கூறியது சிறிதன்று. 1939-இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், அநாதை விடுதியில் நன்றாகப் பேசிய குழந்தைகள் சிலரிடமும் அவர்கள் பேச்சில் குறையுண்டு என்று ஓயாது சொல்லிச் சோதித்தனர். அக்குழந்தைகள் வாய்திறக்கவே கூசினர். அப்பல்கலைக்கழகம் 2001-இல் மன்னிப்புக் கோரிற்று. பிறர் சொல்லும் ஒரு சொல் பிஞ்சு நாவைக் கட்டிப்போட வல்லது.

மாறாக, மதிக்கப்பட்ட நா எத்துணை உயரமும் எட்டும். 1957-இல் கேரளத்தின் முதல் முதலமைச்சரான ஈ. எம். எஸ். நம்பூதிரிப்பாடு திக்கிப் பேசியவரே. எப்பொழுதும் திக்குவீர்களோ என்று ஒருவர் வினவ, இல்லை, பேசும்பொழுது மட்டுமே என்று அவர் விடையிறுத்ததாகக் கூறுவர்.

எனவே, அன்பர்களே! திக்கிப் பேசும் குழந்தையின் பொருட்டுத் தாய்மொழியைத் துறக்க வேண்டுவதில்லை. அக்குழந்தை தமிழில் தடுக்கித் தடுக்கிச் சொல்வதை முழுதும் கேட்கும் காதுகளே வேண்டும். நம் சங்கத்து விழா மேடைகளிலும் அத்தகைய பிள்ளைகளுக்கு இடமளித்து, அவர்கள் பேசி முடிக்கும்வரை அமைதியாகக் காத்திருப்போமாக.