பின்னாலேயே ஒரு லாரி!

சென்னையில் டூவீலர் ஓட்டுகிறவர்களிடம் தண்ணி லாரியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. எமனுக்கு வாகனம் எருமை என்று நம்புகிறவர்கள் வேளச்சேரி பக்கம் வந்து பார்க்கலாம்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம். பின் சீட்டில் மனைவி. முன்னால் ஒரு தண்ணி லாரி, வாலில் ஒழுக ஒழுக ஊர்வலம் போகிறது. என் சட்டை பாதி நனைந்தாயிற்று. ஹாரன் அடித்தேன். அசையவில்லை. இடது பக்கம் புகுந்து முந்தினேன். (தப்புதான். தெரியும்.) முந்தியதோடு விட்டிருக்கலாம். திரும்பி டிரைவரைப் பார்த்து ஒரு முறை முறைத்தேன்.

அதற்கப்புறம் ஒரு கிலோமீட்டருக்கு அந்த லாரி என் முதுகிலேயே வந்தது. ஹாரன் என்றால் உங்க வீட்டு ஹாரன், எங்க வீட்டு ஹாரன் இல்லை. மனைவியின் கைவிரல்கள் என் தோளில் பதிந்துவிட்டன. "ஏங்க, ஓரமா நிறுத்துங்க. அவன் போகட்டும்."

நிறுத்தவில்லை. ஏன் என்று கேட்டால் இன்றைக்கும் பதில் இல்லை. சிக்னல் வந்தது, பிழைத்தோம்.

ராத்திரி அவள் பேசவில்லை. நான் சமாதானமாக, "ஒரு படம் போடறேன், பார்க்கிறியா?" என்றேன். அந்த நேரத்தில் எனக்குத் தோன்றிய படம் எது தெரியுமா? 'டூயல்'. நான் ஒரு முட்டாள்.

ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் எடுத்தது. சுறாவும் டைனோசரும் வருவதற்கு முன்னால், 24 வயதில், டி.வி.க்காக எடுத்த படம். அமெரிக்காவில் ஏ.பி.சி. சேனலில் 1971 நவம்பர் 13 அன்று ஒளிபரப்பானது. கதையை போஸ்ட் கார்டில் எழுதி, மீதி இடத்தில் வீட்டு விசேஷமும் விசாரிக்கலாம். டேவிட் மேன் என்று ஒரு சேல்ஸ்மேன். சிவப்பு பிளிமத் காரில், கலிஃபோர்னியாவின் வறண்ட மலைப்பாதையில், ஒரு மீட்டிங்குக்காகப் போகிறான். முன்னால் புகை கக்கிக்கொண்டு ஒரு டேங்கர் லாரி. முந்துகிறான். லாரி அவனை முந்தி, மறுபடி மெதுவாகப் போகிறது. மறுபடி முந்துகிறான். அவ்வளவுதான் அவன் செய்த குற்றம். மீதிப் படம் முழுக்க லாரி அவனைக் கொல்லப் பார்க்கிறது.

நான் பி.காம். எந்தப் படத்தைப் பார்த்தாலும் மனசுக்குள் ஒரு செலவுக் கணக்கு ஓடும். இந்தப் படத்துக்குச் செலவு சுமார் நாலரை லட்சம் டாலர். ஷூட்டிங் 13 நாள். முக்கியமான நடிகர் ஒருவர், டென்னிஸ் வீவர். செட்? லாஸ் ஏஞ்சலீஸுக்கு வடக்கே சோலடாட் கேன்யன் பக்கத்து ரோடு. ஸ்டுடியோவுக்குள் காரை நிறுத்தி, பின்னால் திரையில் ரோட்டை ஓடவிட்டு எடுத்துவிடலாம் என்பது அந்தக் காலத்து சிக்கன வழி. ஸ்பீல்பெர்க் ஒப்புக்கொள்ளவில்லை. நிஜ ரோடு, நிஜ வேகம் என்று பிடிவாதம். கேமராவைத் தரையோடு தரையாக வைத்தார். அப்படி வைத்தால் சாதாரண வேகம்கூடப் பேய் வேகமாகத் தெரியும். பைசா செலவில்லாத தந்திரம்!

லாரிக்கும் 'நடிகர் தேர்வு' நடந்தது. வரிசையாக நிற்க வைத்துப் பார்த்ததில் ஒரு பழைய பீட்டர்பில்ட் ஜெயித்தது. காரணம் மூக்கு. நம் ஊரில் மூக்கு நீண்ட பழைய டாடா லாரிகள் ஓடினவே, அந்த ஜாடை. முன்பக்கம் பார்த்தால் முகம் மாதிரியே இருக்கும். அதற்கு எண்ணெயும் அழுக்கும் பூசி மேக்கப் போட்டார்கள். பம்பரில் பல மாநிலத்து நம்பர் பிளேட்டுகள். யாருடையவை, அந்தக் கார்களில் போனவர்கள் என்ன ஆனார்கள்... படம் வாயே திறக்காது. நமக்கு வயிற்றைக் கலக்கும்.

டிரைவரின் முகத்தையும் காட்டவே மாட்டார்கள். ஒரு கை தெரியும். பூட்ஸ் தெரியும். அவ்வளவுதான். ஒரு ஓட்டலில் மேன் உட்கார்ந்துகொண்டு, சாப்பிடுகிற ஒவ்வொருவன் காலையும் பார்ப்பான். எல்லாருமே பூட்ஸ்! தப்பான ஆளிடம் போய் மல்லுக்கு நின்று அடி வாங்குவான். எதிரிக்கு முகம் இல்லை என்றால் எல்லா முகமும் எதிரிதான்.

கதை எழுதிய ரிச்சர்ட் மாத்திசனுக்கு இது கற்பனை மட்டும் அல்ல. 1963 நவம்பர் 22. நண்பரோடு கோல்ஃப் விளையாடிவிட்டுத் திரும்புகிறார். கென்னடி சுடப்பட்ட செய்தி கேட்டு மனசு சரியில்லை. மலைப்பாதையில் ஒரு லாரி பின்னாலேயே ஒட்டிக்கொண்டு விரட்டியிருக்கிறது. இதை டி.வி. தொடர்களுக்குச் சொல்லிப் பார்த்தார், எடுபடவில்லை. கடைசியில் சிறுகதையாக எழுதி 1971ல் 'பிளேபாய்' பத்திரிகையில் வந்தது. (கதை படிப்பதற்காகவும் சிலர் அதை வாங்கியிருக்கிறார்கள் என்பதற்கு இதுதான் சாட்சி.)

படத்தில் என்னை உறுத்துவது லாரிகூட இல்லை. ஆரம்பத்தில் ஒரு பெட்ரோல் பங்க். அங்கே இருக்கிறவன், "ரேடியேட்டர் ஹோஸை மாத்தணும் சார்" என்கிறான். வியாபார தந்திரம் என்று நினைத்து மேன், அப்புறம் பார்த்துக்கலாம் என்று கிளம்பிவிடுகிறான். படத்தின் கடைசிப் பகுதி. மலை ஏற்றம். கனமான லாரி திணறுகிறது, கார் முந்துகிறது, தப்பித்தான் என்று நாம் மூச்சு விடும்போது, அந்த ஹோஸ் வெடிக்கிறது.

மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நம்ம வண்டிக்கு பின் பிரேக் ஷூ மாத்தணும்னு மெக்கானிக் சொன்னாரே, மாத்திட்டீங்களா?"

"அடுத்த மாசம்..."

அவள் படத்தை நிறுத்திவிட்டாள். ரிமோட் அவள் கையில். அந்த லாரி எங்கள் முதுகில் வந்தபோது பிரேக் எந்த நிலைமையில் இருந்தது என்பதை நான் அப்போதுதான் ஒப்புக்கொண்டேன். அது நடந்து முடிந்து ஐந்து மணி நேரம் ஆகியிருந்தது. அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

பத்து நிமிஷம் கழித்து அவளே மறுபடி ஓடவிட்டாள்.

மலை விளிம்பு. மேன் காரை லாரிக்கு நேராகத் திருப்பி, ஆபீஸ் பெட்டியை ஆக்ஸிலேட்டர் மேல் முட்டுக்கொடுத்துவிட்டு வெளியே குதிக்கிறான். லாரி காரை மோதி, தீயிலும் புகையிலும் வழி தெரியாமல் அதையும் தள்ளிக்கொண்டு பள்ளத்தில் போகிறது. லாரியை ஓட்டிய ஸ்டன்ட்காரர் கேரி லாஃப்டின் கடைசி நேரத்தில் வெளியே குதித்தார். உற்றுப் பார்த்தால் விழுகிற லாரியின் கதவு திறந்திருக்கும். வெடிக்க வேண்டும் என்று டி.வி. பெரியவர்களுக்கு ஆசை. ஸ்பீல்பெர்க் மறுத்துவிட்டார். வெடிக்காமல், ஒரு மிருகம் உறுமுகிற சத்தத்தோடு மெதுவாகச் சாகிறது லாரி. அதே உறுமலை நாலு வருஷம் கழித்து 'ஜாஸ்' படத்தில் சுறா சாகும்போதும் போட்டார்.

மேன் குதிக்கிறான், கூத்தாடுகிறான். அப்புறம் விளிம்பில் உட்கார்ந்து பள்ளத்தில் கல் எறிகிறான். சூரியன் இறங்குகிறது. படம் முடிந்தது.

மனைவி கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த மீட்டிங் என்ன ஆச்சு?" என்றாள்.

காலையில் எழுந்ததும் வண்டியைத் தள்ளிக்கொண்டே மெக்கானிக் கடைக்குப் போனேன். ஷட்டர் மூடியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை.